நம்ப மறுக்கும் வாசல்

தமிழ் நினைவில் துறவு பெரும்பாலும் ஒரே கணத்தில் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. காதற்ற ஊசியைக் கண்டதும் பட்டினத்தார் செல்வத்தையும் மாளிகையையும் விட்டு இறங்கி நடக்கிறார். 1896 ஆகஸ்டில் மதுரையில் பள்ளி மாணவனாக இருந்த வேங்கடராமன், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை ரயில் செலவுக்கு எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டை எழுதி வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போய்ப் பின்னாளில் ரமணர் என்று அறியப்படுகிறார். அவர்களிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து வா என்று யாரும் திருப்பி அனுப்பவில்லை. சைவ ஆதீனங்களில் தம்பிரான்களுக்குப் படிநிலைகள் உண்டு என்றாலும் மக்கள் மனத்தில் கதையாகத் தங்கியிருப்பது அந்த ஒரு கணத்தின் வெட்டுத்தான். இந்த நினைவோடு வளர்ந்த மனம், கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு பெண் கன்னியராகவோ ஓர் ஆண் மடத்துத் துறவியாகவோ ஆகும் நடைமுறையை முதன்முறை எதிர்கொள்ளும்போது அடையும் சங்கடம் எளிதில் தீர்வதில்லை. திருமுழுக்குச் சான்று, உறுதிபூசுதல் சான்று, திருமணக் கட்டு ஏதும் இல்லை என்பதற்கான சான்று, உடல்நல அறிக்கை, பங்குத்தந்தையின் கடிதம், அடுத்தடுத்த பயிற்சிக் காலங்கள், அவற்றின் முடிவில் மடத்தார் நடத்தும் வாக்கெடுப்பு, கடைசியில் நாட்டுச் சட்டப்படி செல்லுபடியாகும் ஓர் உயில் என்று தடித்துக்கொண்டே போகும் இந்தக் கோப்புக்கும் உலகைத் துறப்பதற்கும் என்ன உறவு? எல்லாவற்றையும் விட்டுவிடத் துணிந்து வந்தவரை ஒன்பது ஆண்டு பொறு என்று நிறுத்திவைக்கும் நிறுவனம் அந்தத் துணிவை வளர்க்கிறதா, ஆறவைக்கிறதா?

இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கும் இடம் ஒன்று லண்டனின் நடுவில் இருக்கிறது. ஹைட் பார்க்கின் வடக்கு ஓரத்தில், மார்பிள் ஆர்ச்சிலிருந்து சில நிமிட நடையில், பேஸ்வாட்டர் சாலையின் இரைச்சலை நேர்முகமாக வாங்கிக்கொண்டு நிற்கிறது டைபர்ன் மடம். டைபர்ன் என்பது பல நூற்றாண்டுகள் லண்டனின் கொலைக்களமாக இருந்த இடத்தின் பெயர். மூன்று தூண்களும் அவற்றை இணைக்கும் மூன்று குறுக்குக் கட்டைகளுமாக, ஒரே நேரத்தில் 24 பேரைத் தூக்கிலிடக்கூடிய முக்கோண மரம் 1571இல் அங்கே நாட்டப்பட்டது. 1535 முதல் 1681 வரை கத்தோலிக்க விசுவாசத்துக்காக 105 பேர் டைபர்னில் கொல்லப்பட்டனர் என்பது மடத்தின் கணக்கு. அவர்களில் முதல்வர் வரிசையில் நிற்பவர், எட்டாம் ஹென்றியைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்த லண்டன் சார்ட்டர்ஹவுஸ் மடத்தலைவர் ஜான் ஹௌட்டன். கடைசியானவர் அயர்லாந்தின் ஆர்மா பேராயர் ஆலிவர் பிளங்கெட். பிளங்கெட் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளில், 1693 பிப்ரவரியில், மறவர் சீமையின் ஓரியூரில் கத்தோலிக்க மறைப்பணியாளர் அருளானந்தர் வெட்டப்பட்டார் என்பதும், அந்தச் செம்மண்ணை இன்றும் தமிழ்க் கத்தோலிக்கர் மடியில் முடிந்து எடுத்துச் செல்கின்றனர் என்பதும் நினைவுக்கு வந்தால், டைபர்ன் தமிழ் வாசகருக்கு அவ்வளவு அந்நியமான இடமாகத் தோன்றாது. 1585இல் விசாரணைக்கு உட்படுத்தப்பட்ட கிரெகரி கன் என்ற குரு, ஒருநாள் இந்த இடத்தில் ஒரு துறவு மடம் எழும் என்று சொன்னதாக மடத்தில் நினைவுகூர்கின்றனர். மடம் எழுந்தது 1903இல்; எழுப்பியவர்கள் ஆங்கிலேயர் அல்லர். 1898இல் பாரிஸின் மோன்மார்த்தில் அன்னை மரி அதெல் கார்னியே தொடங்கிய சபை, துறவற சபைகளை நெருக்கிய 1901ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டத்துக்குத் தப்பி லண்டன் வந்து சேர்ந்தது. கத்தோலிக்கரைத் தூக்கிலிட்ட நகரம் கத்தோலிக்க நாடொன்றிலிருந்து விரட்டப்பட்ட கன்னியருக்குப் புகலிடமானதில் ஒரு நகைமுரண் இருக்கிறது. அதை மடத்தார் நகைமுரணாக எண்ணுவதில்லை, இறைவனின் ஏற்பாடு என்கின்றனர்.

அங்கே நடப்பது இரவும் பகலும் இடையறாத நற்கருணை ஆராதனை. திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தில் கிறிஸ்து உண்மையாகவே எழுந்தருளியிருக்கிறார் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. அந்த அப்பத்தைக் கதிர்ப்பாத்திரம் எனப்படும், சூரியக் கதிர்களைப் போல் வடிக்கப்பட்ட உலோகத் தாங்கியில் வைத்து, அதன் முன்னால் எப்போதும் ஒருவராவது முழந்தாளிட்டிருக்குமாறு முறைவைத்துக்கொள்வதே ஆராதனை. சிற்றாலயத்துக்குள் யாரும் வரலாம். ஆக்ஸ்ஃபோர்ட் தெருவின் கடைப்பைகளைக் காலடியில் வைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காருபவருக்கு முன்னே ஓர் இரும்புக் கிராதி தெரியும். கிராதிக்கு அப்பால் ஒரு முதுகும் ஒரு முக்காடும் அசையாமல் இருக்கும். வெளியே பேருந்தின் பிரேக் கிறீச்சிடும். ஒருவர் எழுந்து தலைவணங்கி விலக, இன்னொருவர் அதே இடத்தில் மண்டியிடுவார். இதைத் தவிர அங்கே எதுவும் நடப்பதில்லை. மடத்தை ஒட்டி மூன்றரை அடி அகலமே உள்ள ஒரு வீடு நிற்கிறது; லண்டனின் மிகச் சிறிய வீடு என்று சுற்றுலாப் பயணிகள் அதைத்தான் படமெடுக்கின்றனர். நிலவறையில் தூக்குமரத்தின் மாதிரி வடிவம் பீடத்தின் மேல் எழுப்பப்பட்டிருக்கிறது. மேலே ஆண்டுக்கணக்கில் நீளும் மௌனம், கீழே சில நிமிடங்களில் முடிந்த மரணங்களின் நினைவு. முதல் பார்வையில் கீழே இருப்பதுதான் துறவு என்றும், மேலே இருப்பது அதன் நீர்த்த வடிவம் என்றும் தோன்றக்கூடும். ஆனால் ஹௌட்டன் தூக்குமரத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டபோது சார்ட்டர்ஹவுஸின் சிற்றறையில் தனிமையும் மௌனமும் பழகி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த மரணத்தின் வேகம் அந்த இருபது ஆண்டுகளின் மந்தகதியிலிருந்து வந்ததாக இருக்கலாம். இருக்கலாம் என்றே சொல்ல முடியும்; டைபர்னில் இறந்தவர்களில் பொதுநிலையினரும் இருந்தனர், மடத்தில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு அரசரின் ஆணைக்குக் கையெழுத்திட்ட துறவிகளும் அக்காலத்தில் நிறையவே இருந்தனர்.

மேற்கின் மடவாழ்வுக்குத் தாய்நூல், ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கு; இவரையே தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்பர். டைபர்ன் கன்னியரும் அந்த ஒழுங்கின் வழி நடப்பவர்களே. அதன் 73 இயல்களில் 58ஆவது இயல் புதிதாக வருபவரை ஏற்கும் முறையைச் சொல்கிறது. வருபவரை எளிதில் உள்ளே விடக் கூடாது என்பதே அதன் தொடக்கம். நான்கைந்து நாள் அவர் கதவைத் தட்டிக்கொண்டே நிற்க வேண்டும். கடுஞ்சொல்லைப் பொறுத்துக்கொண்டு இன்னமும் நின்றால் விருந்தினர் அறையில் சில நாள், பிறகு நவதுறவியர் தங்கும் பகுதி. நவதுறவு என்பது வாக்குறுதி இன்னும் வாங்கப்படாத பயிற்சிக் காலம். இரண்டு மாதம் கழிந்ததும் ஒழுங்கு முழுவதையும் அவருக்கு வாசித்துக்காட்டி, முடிந்தால் இரு, முடியாவிட்டால் தாராளமாகப் போகலாம் என்று சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து மீண்டும் வாசிக்க வேண்டும். இன்னும் நான்கு மாதம் கழித்து மூன்றாம் முறை. வேறெந்த அமைப்பும் தன்னிடம் சேர வந்தவரிடம் போகலாம் என்று இத்தனை முறை சொல்லுமா என்பது ஐயமே. இன்றைய திருச்சபைச் சட்டம் அந்த ஓராண்டையும் போதாதென்று நீட்டியிருக்கிறது. நவதுறவில் சேரக் குறைந்தது 17 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. அதன்படி பதினாறு வயது வேங்கடராமனை எந்த நவதுறவு இல்லமும் சேர்த்துக்கொண்டிராது. அடைப்பு மடங்களில், அதாவது வெளியே போய்ப் பணி செய்யாமல் மதிலுக்குள் செபத்தையே வாழ்வாகக் கொள்ளும் மடங்களில், சேரும் கன்னியருக்கு 2018இல் வத்திக்கான் வெளியிட்ட ‘கோர் ஒரான்ஸ்’ என்ற விதித்தொகுப்பு, மடத்தோடு பழகிப் பார்க்க ஓராண்டு, முன்பயிற்சிக்கு ஓராண்டு, நவதுறவுக்கு இரண்டு, தற்காலிக வார்த்தைப்பாட்டில் ஐந்து என்று குறைந்தது ஒன்பது ஆண்டுகளை வரையறுக்கிறது. வார்த்தைப்பாடு என்பது கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகியவற்றைக் கடைப்பிடிப்பதாகக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. தற்காலிகமாகக் கொடுத்த பிறகே நித்தியத்துக்குமாகக் கொடுக்கலாம். லண்டன் தமிழருக்கு இந்த ஏணி புதிதன்று. தற்காலிக அனுமதி, அதன் நீட்டிப்பு, நிரந்தர வதிவிட உரிமை என்று உள்துறை அமைச்சகத்தின் கடிதத்துக்காகத் தபால்காரரின் காலடியோசைக்குக் காது கொடுத்துக் காத்திருந்தவர்களுக்கு, ஒவ்வொரு படியிலும் தன்னை மீண்டும் மெய்ப்பிக்க வேண்டியிருப்பதன் அலுப்பும் அவமானமும் நன்றாகவே தெரியும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: அந்த அமைச்சகம் யாரிடமும் மூன்று முறை வந்து, விருப்பமில்லாவிட்டால் போகலாம், தவறில்லை என்று கனிவோடு சொன்னதில்லை.

வெளியுலகம் இந்த நடைமுறையை எப்போதும் தலைகீழாகவே பார்த்துவந்திருக்கிறது. விக்டோரியா காலத்து லண்டனின் கற்பனையில் மடம் ஒரு சிறை. கன்னியர் ஏமாற்றி உள்ளே இழுக்கப்பட்டுப் பூட்டப்பட்டவர். 1829இல் கத்தோலிக்கருக்கு நாடாளுமன்ற உரிமை தந்த அதே சட்டம், ஐக்கிய இராச்சியத்துக்குள் ஓர் ஆண் துறவற சபையில் வார்த்தைப்பாடு கொடுப்பதைக் குற்றமாக்கி, அதற்கு வாழ்நாள் நாடுகடத்தலைத் தண்டனையாக எழுதிவைத்தது. யார்மீதும் பாயாமலே நூலில் கிடந்த அந்தப் பிரிவு நீக்கப்பட்டது 1926இல்தான். கனகதுர்க்கை அம்மன் கோயிலால் ஈலிங்கை அறிந்திருக்கும் தமிழர், அதே ஈலிங்கில் 1897இல் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் வந்து தொடங்கியதும் இன்று பெரும் மடமாக நிற்பதுமான இல்லத்தில், முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஒருவர் துறவியாவது ஏட்டளவில் சட்டமீறலாக இருந்தது என்பதை அறிந்தால் வியக்கக்கூடும். பெண் சபைகளுக்கு அந்தச் சட்டமே விலக்களித்திருந்தது. பெண்கள் மண்டியிடுவதால் அரசுக்கு ஆபத்தில்லை என்று எண்ணினார்கள் போலும். ஆனால் 1869 பிப்ரவரியில் லண்டன் நீதிமன்றத்துக்கு வந்து நகரத்தையே பல வாரங்கள் பேசவைத்த வழக்கு, அந்தச் சிறைக் கற்பனையைக் குழப்பிவிட்டது. ஹல் நகரின் இரக்கத்தின் சகோதரிகள் மடத்தைச் சேர்ந்த சூசன் சாரின் என்ற கன்னியர் தம் மடத்தலைவி மீது வழக்குத் தொடுத்தார். மடத்திலிருந்து தப்ப முயன்ற பெண்ணைப் பார்க்கலாம் என்று கூடிய கூட்டம், மடத்தைவிட்டு வெளியேற்றப்பட்டதை எதிர்த்து வந்த பெண்ணைக் கண்டது. அவர்மீது சொல்லப்பட்ட குற்றங்களோ அனுமதியின்றி ஸ்ட்ராபெரி தின்றார் என்ற அளவில் இருந்தன. ஜூரிகள் 500 பவுண்டு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தனர். கதவு எந்தப் பக்கம் பூட்டப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு அன்றைய செய்தித்தாள்கள் எதிர்பாராத விடை கிடைத்தது.

சாரின் வழக்கு இந்த நடைமுறையின் இருண்ட பக்கத்தையும் காட்டுகிறது. மடம் வருபவரை நம்ப மறுப்பது ஓர் அறமாக இருக்கலாம். அதே மறுப்பு அதிகாரமாகவும் ஆகலாம். பழைய வழக்கப்படி மடத்தார் வெள்ளைக் காயும் கறுப்புக் காயும் இட்டு இரகசியமாக வாக்களித்தனர். கறுப்புக் காயை இட்டவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கோயில் மணி அடித்ததும் எழுதிக்கொண்டிருந்த எழுத்தைப் பாதியில் விட்டு எழுகிறாளா, திருப்பாடலைப் பாடும்போது தன் குரல் மட்டும் தனித்துக் கேட்கப் பாடுகிறாளா, அடுத்த இருக்கைக் கன்னியரின் இருமலை எத்தனை மாதம் பொறுக்கிறாள் என்பனவற்றைக் கவனித்தே நவதுறவியரின் தாய் எனப்படும் பயிற்சித் தலைவி ஒருவரை அறிகிறார் என்று மடத்து எழுத்துகள் சொல்லும்போது அதில் ஒரு கூர்மையான மனித அறிவு தெரிகிறது. கடவுளைத் தேடி வந்தவரா, தன்னிடமிருந்து தப்பி வந்தவரா என்பது பெரிய சொற்களில் தெரியாது, இருமலில்தான் தெரியும். எனினும் அதே கவனிப்பு ஒருவரின் சாதியையும் பேச்சு வழக்கையும் தட்டில் சோறு பரிமாறும் விதத்தையும் கவனிக்கத் தொடங்கினால் அதைத் தடுக்க ஒழுங்கில் என்ன இருக்கிறது? பாமா 1992இல் வெளியிட்ட ‘கருக்கு’ இந்த இடத்தில் லண்டனின் எந்த ஆவணத்தையும்விட உதவும். ஏழைத் தலித் பிள்ளைகளுக்குப் பயன்படலாம் என்று ஒரு சபையில் சேர்ந்து, ஏழாண்டு போல இருந்து, வெளியேறி வந்த ஒருவரின் எழுத்து அது. தலித் பெண்களைச் சில சபைகள் சேர்ப்பதில்லை என்ற பேச்சு பயிற்சிக் காலத்திலேயே காதில் விழுந்ததையும் அதன் பின் ஒவ்வொரு நாளும் அஞ்சி இருந்ததையும் அவர் பதிவுசெய்கிறார். வாசலில் நின்று தட்டுபவரின் பொறுமையைச் சோதிக்கச் சொன்ன ஆசீர்வாதப்பர், வாசலுக்கு உள்ளே இருப்பவரின் கண்ணைச் சோதிக்கும் முறையை அந்த இயலில் எழுதவில்லை.

அதே இயலின் முடிவில் ஒரு சிறு விதி வருகிறது. இந்த நடைமுறை முழுவதிலும் மனத்தை விட்டு அகலாதது அதுவே. வாக்குறுதியைத் தன் கையாலேயே எழுதிப் பீடத்தின் மேல் வைத்து, ஒவ்வொருவரின் காலடியிலும் விழுந்து செபிக்கும்படி வேண்டிக்கொண்ட பிறகு, புதியவரின் பழைய உடைகளைக் களைந்து மடத்து உடைகளை அணிவிக்க வேண்டும். களைந்தவற்றை எறிந்துவிடவோ ஏழைகளுக்குக் கொடுத்துவிடவோ கூடாது. ஆடை அறையில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். என்றாவது ஒருநாள் சாத்தானின் தூண்டுதலால் அவர் போவதென்று முடிவு செய்தால் மடத்து உடையைக் கழற்றி வாங்கிக்கொண்டு அவருடைய உடையைத் திருப்பிக் கொடுக்கலாம். எழுதிய வாக்குறுதித் தாளை மட்டும் திருப்பித் தரக் கூடாது. சாத்தானின் தூண்டுதல் என்று கடுமையாகச் சொல்லிவிட்டு, அந்தத் தூண்டுதலுக்கு ஆட்படுபவர் குளிரில் நடுங்கக் கூடாது என்று துணியை மடித்து வைக்கும் மனத்தின் நுட்பம் வியப்பூட்டுவது. வாழ்நாள் முழுமைக்கும் கொடுக்கப்பட்ட சொல்லை மடம் நம்புகிறது, அதே வேளை நம்பவும் இல்லை. இருபத்திரண்டு வயதுப் பெண் எழுபது வயதில் தான் யாராக இருப்போம் என்று அறியாமலே அந்த எழுபது வயதுக்காரியின் சார்பில் கையெழுத்திடுகிறாள் என்ற பழைய ஆட்சேபத்துக்கு இதைவிடக் கண்ணியமான விடை கிடைக்குமா என்று தோன்றும். போனவர் திரும்பி வந்தால் மூன்று முறை வரை சேர்த்துக்கொள்ளலாம் என்று 29ஆவது இயல் சொல்வதையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஆயினும் அந்த நுட்பத்தில் ஓர் ஊகம் மறைந்திருக்கிறது. உடை இருந்தால் போதும், உடுத்திக்கொண்டு போவதற்கு ஓர் ஊர் இருக்கும், உள்ளே அழைக்க ஒரு வீடு இருக்கும் என்பதே அது.

அந்த ஊகம் தமிழ்ப் பெண்ணுக்குப் பொருந்துவதில்லை. கோயிலுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தோம் என்று நெல்லைக் கடற்கரையிலும் யாழ்ப்பாணத்திலும் குடும்பங்கள் பெருமையோடு சொல்வதுண்டு. நோயில் கிடந்த குழந்தை பிழைத்தால் மாதாவுக்குத் தருவதாக நேர்ந்துகொண்ட தாய்மாரும் உண்டு. ஆசீர்வாதப்பர் காலத்தில் பெற்றோர் சிறுவனின் கையைப் பீடத் துணியில் சுற்றி மடத்துக்கு ஒப்புக்கொடுக்கும் சடங்கு இருந்தது. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் வார்த்தைப்பாட்டுக்குப் பதினாறு வயதையும் ஓராண்டுச் சோதனைக் காலத்தையும் கட்டாயமாக்கியதோடு, பெண்ணை வற்புறுத்தி மடத்தில் சேர்ப்பவர்களைத் திருச்சபைக்குப் புறம்பானவர்கள் என்று சபித்தது. சட்டம் போட்டு நானூற்றைம்பது ஆண்டுகள் ஆன பின்பும் அந்தப் பீடத் துணி தமிழ் வீடுகளில் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றப்பட்டே இருக்கிறது. முதல் வார்த்தைப்பாட்டு நாளில் ஊர் எல்லையில் ஃபிளெக்ஸ் பலகை நிற்கிறது, பங்கில் பாராட்டு விழா நடக்கிறது, நடுக்கூடத்தில் உடுப்பணிந்த படம் மாட்டப்படுகிறது. படத்தைக் கழற்றுவது யார்? திரும்பி வந்தவளை மடத்திலிருந்து ஓடி வந்தவள் என்று சுட்ட ஊருக்கு ஒரு நொடி போதும். ‘கருக்கு’ காட்டும் வேதனையில் பாதி மடத்துக்குள் நடந்ததென்றால் மறுபாதி வெளியே வந்த பின் வேலையில்லாமல், பழகிய ஊரே பழக்கமற்றதாகி நின்ற நாள்களுடையது.

தூரம் கூடினால் இந்தக் கணக்கு இன்னும் கடினமாகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் துறவறத்தில் சேர்ந்த பெண்கள் 2004இல் 7 பேர், 2014இல் 45 பேர் என்று ஆயர் பேரவையின் எண்கள் சொன்னபோது அதை மறுமலர்ச்சி என்றே பத்திரிகைகள் எழுதின. மூடிக்கொண்டிருக்கும் மடங்களின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் அது சிறு எண்தான். ஐரோப்பிய மடங்களின் வெற்றிடங்கள் பல காலமாக இந்தியப் பெண்களைக் கொண்டு நிரப்பப்பட்டுவருகின்றன. 1970இல் லண்டன் சண்டே டைம்ஸ், கேரளத்திலிருந்து ஏழைப் பெண்கள் ஐரோப்பிய மடங்களுக்குப் பணம் கைமாறி அனுப்பப்படுவதாக எழுதியபோது வத்திக்கானே விசாரிக்க வேண்டியதாயிற்று. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் தியான மடங்களுக்கென்று வெளியிட்ட ஆணை, ஒரு மடம் பிழைத்திருப்பதற்காகவே பிற நாடுகளிலிருந்து ஆள் சேர்ப்பதை அறவே தவிர்க்க வேண்டும் என்று விதித்தது. விதி தேவைப்பட்டதே அந்த வழக்கத்துக்குச் சாட்சி. லண்டன் மடமொன்றில் நிலைத்திருப்பதாக வாக்குக் கொடுக்க வரும் பெண்ணுக்கு மதப் பணியாளர் என்ற தற்காலிக விசா அதிகபட்சம் இரண்டு ஆண்டே செல்லும் என்பதையும், மடத்தை விட்டால் விசாவும் போய்விடும் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணினால், மூன்று முறை வாசித்துக்காட்டப்படும் ஒழுங்கின் ‘போகலாம்’ என்ற சொல் அவள் காதில் எப்படி விழும்? நவதுறவியரின் தாய் உண்மையான கனிவோடுதான் அதைச் சொல்வார். கேட்பவளுக்கோ போவதற்கு இடமே இல்லை. அவள் இருந்துவிடுவதை இறைவனின் அழைத்தல் என்று எடுத்துக்கொள்ளலாமா, வழியின்மை என்று எடுத்துக்கொள்ளலாமா என்பதை எந்த வாக்கெடுப்பும் பிரித்துக் காட்டாது.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1928இல் அமலமரித் தியாகிகள் சபைக் குரு பி. ஏ. தோமஸ் அடிகள் யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் தாசர் சபை, மௌனமும் ஆராதனையும் மரக்கறி உணவுமாக ஐரோப்பியக் கடுந்துறவைத் தமிழ் மண்ணுக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தார் பலர் அதை முந்திரிகை ரசத்துக்கும் நெல்லி ரசத்துக்கும் பெயர்பெற்ற இடமாகவே அறிவர், முந்திரிகை என்று அவர்கள் சொல்வது திராட்சையை. அத்தகைய இடத்தில் சேர்பவருக்கு வீடு ஒரு சைக்கிள் தூரத்தில் இருந்தது. மடத்து மதிலுக்கு வெளியிலும் அதே பேச்சு, அதே புழுதி. லண்டன் நாட்டிங் ஹில்லில் 1878இல் தொடங்கிய கார்மேல் மடத்தைப் பற்றி ‘நோ கிரேட்டர் லவ்’ என்ற ஆவணப்படத்தை 2009இல் எடுத்த மைக்கேல் வைட், உள்ளே கேமராவோடு போகப் பத்து ஆண்டு போலக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியிருந்தது. படமெடுக்க வருபவரையும் உறுப்பினராக வருபவரையும் ஏறக்குறைய ஒரே கால அளவு வாசலில் நிறுத்தும் அந்த மடத்தின் நிதானத்தில் ஒரு சமநீதி இருக்கிறது. இந்த நிதானத்தைக் கேலிசெய்வது எளிது. அவசரமாக முடிவெடுத்து அவசரமாக வருந்தும் நகரத்தின் நடுவே அது மதிக்கத்தக்கது என்பதே இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின் தேறும் கருத்து. பட்டினத்தாரின் கணம் அழகானது. ஆனால் அவர் வாசலில் நின்று, உறுதிதானா என்று மூன்று முறை கேட்க யாரும் இல்லை. வீட்டில் விட்டுப்போன மனைவியையும் தாயையும் அந்தக் கணம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆக, பழுது நடைமுறையின் நீளத்தில் இல்லை. அது பாதியில் முடிந்துவிடுவதில்தான் இருக்கிறது. திருச்சபைச் சட்டத்தின் 702ஆம் பிரிவு, சபையை விட்டுச் சட்டப்படி வெளியேறுபவர் அங்கே செய்த எந்தப் பணிக்கும் எதையும் உரிமையாகக் கேட்க முடியாது என்கிறது. அடுத்த வரியிலேயே, வெளியேறுபவரிடம் சபை நீதியோடும் நற்செய்தி அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த நீதி எத்தனை மாதச் சாப்பாடு, எத்தனை மாத வாடகை, எந்த ஊருக்கான பயணச் சீட்டு என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. இருபது ஆண்டு மடத்துப் பள்ளியில் கற்பித்துவிட்டு வெளியே வரும் ஒருவர் அதை மடத்தலைவியின் மனத்தைப் பொறுத்தே பெறுகிறார். அதைச் சட்டமாக்குவது ரோமின் வேலை. தமிழ்நாட்டுப் பங்குகளுக்கும் லண்டன் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் இதில் வேறொரு வேலை இருக்கிறது, அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. மகளை மடத்துக்கு அனுப்பும் வீட்டார் ஃபிளெக்ஸ் பலகைக்குச் சொல்வதற்கு முன், எந்த ஆண்டில் எந்தக் காரணத்துக்காகத் திரும்பி வந்தாலும் இந்த வீட்டில் உனக்கு இடம் உண்டு, ஏன் என்று கேட்க மாட்டோம் என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அப்படி வந்தவளைப் பங்குத்தந்தை அடுத்த ஞாயிறே பாடற்குழுவிலோ மறைக்கல்வி வகுப்பிலோ அமர்த்த வேண்டும்.